‘ஊத்தினப்பறம்’ என்று எழுதியிருந்த பாட்டில்

நேற்று மத்தியானம் நான் படியேறி லேபுக்குள் நுழைந்த நேரத்தில் உங்களில் யாரோ சாம்பிள் ஃப்ரிட்ஜைத் திறந்தீர்கள். ஒரு வாடை வந்தது. மீன் கழுவிய சட்டி, அடைத்துக்கொண்ட சாக்கடை, அணைந்த தீக்குச்சி, மூன்றையும் ஒன்றாகக் கரைத்த மாதிரி ஒரு வாடை. நீங்கள் மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அது கெட்டுக்கொண்டிருக்கும் கடலின் வாடை. நம் கேஜிஎஃப்பிலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் ரயிலில் உட்கார வேண்டும். அரை நாள் ஓரிடத்தில் உட்காரத் தெரியாததால் நான் கடலை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாடையை மாரிகுப்பத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் நின்று முகர்ந்திருக்கிறேன். அதற்குப் பாதிக் காரணம் நான். எழுத உட்கார்ந்த பிறகு என்ன கஞ்சத்தனம்? முழுக் காரணமும் நான்தான்.

புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். எனக்கு இருப்பதெல்லாம் ஒரே வகை அனுபவம்தான், அது உருப்படாத வகை. ஐம்பத்து மூன்று வயதில் கண்ணில் திரை விழுந்து, சோதனைக் குடுவையில் சிவப்பு எப்போது நீலமாகிறது என்று சொல்ல முடியாமல் வேலையை விட்டவன் நான். திரை விழுவதற்கு முன்பும் அப்படியொன்றும் தெளிவாகப் பார்த்துவிடவில்லை என்பதற்கு இந்தக் கதை சாட்சி.

கல்பனா முதன்முதலில் நம் தண்ணீர் சோதனை லேபுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். முப்பத்தெட்டு வயதிருக்கும். மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீட்டில் இருப்பவர். புருஷன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். கல்பனா கையில் துணி சுற்றிய ஒரு பாட்டிலோடு மேஜைக்கு முன்னால் நின்றார்.

“அண்ணா, ரீஃப் தண்ணி டெஸ்ட் பண்ணணும்.”

இந்த ஊரில் பிறந்தவன் காதில் ரீஃப் என்று விழுந்தால் பூமிக்குள்தான் போவான். தங்கம் ஓடும் பாறைக்கு இங்கே அதுதான் பேர். சாம்பியன் ரீஃப் என்றே பேர் உள்ள சுரங்கப் பேட்டையில் பள்ளிக்கூடம் படித்தவன் நான். மூடிய சுரங்கத்தில் ஊறி நிற்கிற தண்ணீரை யாரோ எடுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எந்த ஷாஃப்ட் தண்ணிம்மா?”

“ஷாஃப்ட்டா? வூட்டு தண்ணிண்ணா.”

“வீட்டுக்குள்ளயே வந்துடுச்சா? எத்தனை ஆழத்துல இருக்குது?”

“ஒன்றரை அடி.”

பயந்துபோனேன். ஒன்றரை அடியில் சுரங்கத் தண்ணீர் ஏறி வந்துவிட்டதென்றால் மாரிகுப்பமே மிதக்கப் போகிறது என்று கணக்குப் போட்டேன். வேறு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கேட்காமல் தெரிந்துகொள்வதில் எனக்கு அப்போது பெரிய பெருமை. சயனைடு பார்த்தேன், ஆர்சனிக் பார்த்தேன், உப்புப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். ‘மிக அதிக உப்பு. குடிப்பதற்கு முற்றிலும் தகுதியற்றது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்பனா மறுநாள் அதை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“என் மீனுங்கோ இத்தத்தான் குடிக்குது, நாலு வருசமா. அதுங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க.”

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உப்புக் கலந்த தண்ணீர், மேலே நீல விளக்கு, உள்ளே மீன்களும், கல்பனா கோரல் என்று சொல்கிற உயிருள்ள பவளங்களும். கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பவளப் பாறைக்கும் ரீஃப் என்றுதான் பேராம். உலகத்துக்கே தெரிந்தது, சாம்பியன் ரீஃப்காரனுக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கும் விதமாக அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்க்கப் போனேன். நான் லேபில் இருந்த இத்தனை வருஷத்தில் தண்ணீரை எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே தண்ணீர் மூச்சு விட்டது. பச்சை விரல்கள், ஊதா விரல்கள், காற்றே இல்லாத இடத்தில் காற்றடித்த மாதிரி அசைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய பவளம், இரண்டு கை சேர்த்து ஏந்தினால் நிறைகிற அளவு, முனைகளில் மட்டும் விடிகாலை நிறம். கட்டைவிரல் நகம் அளவுத் துண்டாக பெங்களூரில் ஒருவரிடம் வாங்கி வந்தது அது.

“குட்க்கும்போதே சிரிச்சாரு அந்தாளு. கேஜிஎஃப்ல கடலா, போம்மா, ஒரு மாசம் தாங்காதுன்னாரு. நாலு வருசம் ஆச்சு. மீதி எல்லாம் இதுலேர்ந்து ஒடிச்சு வெச்சதுதான். இது பெரியம்மா, அதுங்கல்லாம் பொண்ணுங்கோ.”

தொட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் யாரும் உட்காரக் கூடாதாம், தினமும் காலையில் அவர் உட்கார்ந்து பார்க்கிற இடம். எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். “வளர்றத” என்றார். நான் தரையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் பார்த்தேன். வளர்வது தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பு உங்களுக்குப் புரியாது. நம் லேபைத் தொடங்கியவர்கள் சுரங்கத்தில் தங்கம் சோதித்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு தராசையும் நோட்டுகளையும் பழக்கங்களையும் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து தண்ணீர் சோதிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கங்களில் ஒன்றுக்குப் பேர் வெட்டு. பாறைத் துண்டுகளைச் சோதிக்கும்போது பத்தில் ஒன்பது ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் மட்டும் தங்கத் துணுக்கு ஒன்று தனியாக அகப்பட்டு எண் எகிறிவிடும். அந்த எண்ணை நம்பி ஆட்களைக் கீழே அனுப்பினால் வெறும் பாறையைச் சுமந்துகொண்டு மேலே வருவார்கள். அதனால் எகிறிய எண்ணை வெட்டி, மற்றவற்றின் உயரத்துக்கு இறக்கி எழுதுவார்கள். பாறைக்கு அது சரியான நியாயம். ஆசையை வெட்டுகிற கத்தி அது.

அந்தக் கத்தியை நான் தண்ணீரிலும் வீசினேன். ஒரு பாட்டிலில் ஏதாவது எகிறினால், பாட்டில் சரியாகக் கழுவவில்லை, கைபட்டிருக்கும், தூசி விழுந்திருக்கும். வெட்டு. யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காத இடத்தில் நான் பெரிய வித்வான்.

ஒரு மாதம் கழித்துக் கல்பனா மறுபடி வந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கோரலு செத்துகினே இருக்குதுண்ணா. ஆறு போயிடுச்சு. வெள்ளையா ஆயி, தோலு உரிஞ்சு, அப்பால நாறுது. பெரியம்மாவும் ஒரு பக்கம் சுருங்கிடுச்சு.” இரண்டு சின்ன பாட்டில்களை மேஜையில் வைத்தார். “இன்னா தப்புன்னு சொல்லுங்க. பெரியம்மா போயிட்டா தொட்டிய கவுத்துட்டு அரிசி கொட்டி வெச்சிடுவேன். இன்னொரு தபா நகத்துலேர்ந்து ஆரம்பிக்க என்னால முடியாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நான் அதைக் கவனித்தேன். பாட்டில்களைத்தான் கவனிக்கவில்லை.

பாட்டில்களில் அவர் கையால் காகிதம் ஒட்டி எழுதியிருந்தார். ஒன்றில் ‘காலீல’, அதாவது காலையில். இன்னொன்றில் ‘ஊத்தினப்பறம்’. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, “ஊத்தினப்புறம்தானே எல்லா பாட்டிலும் நிறையும்? ஊத்தறதுக்கு முன்னாடி காலி பாட்டிலயா டெஸ்ட்டுக்குக் கொடுப்பாங்க?” என்று கேட்டேன். அவரும் சிரித்தார். லேபில் சிரிப்பு வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுங்கள். பெரும்பாலும் அது நமக்குப் புரியாத ஏதோவொன்றின் மேல்தான் வருகிறது.

உப்பு சரியாக இருந்தது. சுண்ணாம்பு சரி. கழிவும் வரம்புக்குள். கடைசியில் செம்பு. பவளத்துக்குச் செம்பு விஷம் என்று அதற்குள் படித்து வைத்திருந்தேன். மனிதனை ஒன்றும் செய்யாத அளவே அதைக் கொன்றுவிடும். ‘காலீல’ பாட்டிலில் செம்பு அகப்படவில்லை. ‘ஊத்தினப்பறம்’ பாட்டிலில் எண் எகிறி நின்றது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் எகிறியது. ஒரே தொட்டி, ஒரே நாள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் எப்படி இருக்கும்? மூடி துருப்பிடித்திருக்கும், கையில் வளையல் உரசியிருக்கும் என்று அந்தக் கணமே இரண்டு காரணம் பிறந்தது. நோட்டில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு. ரிப்போர்ட்டில்: ‘செம்பு: இல்லை. தண்ணீர் நன்றாக உள்ளது.’

பச்சை மையில் எழுதினேன். போன முறை சிவப்பு மையால் அவமானப்பட்டதற்குப் பரிகாரமாம்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்பனா போன் செய்தார். குரலில் பாரம் இறங்கியிருந்தது.

“ரிப்போர்ட் வந்துச்சுண்ணா. தண்ணி நல்லாகீதுன்னா அப்ப தொட்டிலதான் கோளாறு. சீக்கு இருக்கும். சின்னதா புதுத் தொட்டி ஒண்ணு வெச்சிட்டேன். அதே தண்ணில உப்பு கலக்கி ஓடவிட்டிருக்கேன். மத்தியானம் பெரியம்மாவ எடுத்து அதுல வெச்சிடட்டா?”

“தாராளமா வைங்கம்மா.”

தாராளமாக. அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் விரல் கூசுகிறது.

பதினொன்றரைக்கு டீ குடிக்கக் கீழே போனேன். கடையில் யாரோ ஒருவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “நல்லா ஸ்ட்ராங்காத்தான்ப்பா இருந்துச்சு. நீ பால் ஊத்தினப்பறம்தான் கலரே போயிடுச்சு. பாரு, மேல மட்டும் வெள்ளையா நிக்குது.”

ஊத்தினப்பறம்.

டம்ளரை வைத்தேனா கீழே போட்டேனா ஞாபகமில்லை. தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அதனால் தினமும் நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கல்பனா எனக்கு விளக்கியிருந்தார். ஊற்றின பிறகு எடுத்த பாட்டில் அது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும்போது, மேலாக மொண்டது. ஊற்றுவதற்கு முன் காலையில் எடுத்த பாட்டில் மற்றது. ஒரு நல்ல சோதனைக்காரர் செய்கிற காரியத்தை அவர் செய்திருந்தார்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. செம்பு வருவது ஊற்றுகிற தண்ணீரில். அதே தண்ணீரில்தான் உப்பைக் கலக்கிப் புதுத் தொட்டியை நிரப்பி வைத்திருக்கிறார். பழைய தொட்டியிலாவது செம்பு தினம் ஒரு சொம்பாக இறங்கி, பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டது. புதுத் தொட்டி முழுக்கவே அது.

எண் சும்மா எகிறவில்லை. அந்த எண் ஒன்றுதான் உண்மையைச் சொல்லியிருந்தது. அதைத்தான் நான் வெட்டினேன்.

படியேறி ஓடி மேனேஜரிடம் சொன்னேன். நிதானமானவர். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தன்னால் வந்துவிடும்.

“சரி, பதறாதீங்க. அந்த பாட்டில்ல மீதி இருக்குதா? திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. உறுதியானப்பறம் சொல்லலாம்.”

“ரெண்டு மணி நேரம் ஆகும் சார்.”

“ஆகட்டும். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுய்யா. நேத்து நல்லாருக்குதுன்னு எழுதிட்டு இன்னிக்கி மத்தியானம் விஷம்னு சொன்னா, அப்பறம் சாயங்காலம் இல்லன்னு ஆயிட்டா, நம்மள எவன் நம்புவான்?”

அவர் சொன்னது தப்பில்லை. எனக்கும் உறுதி கிடையாது. டீக்கடையில் கேட்ட ஒரு சொல்தான் என்னிடம் இருந்த ஆதாரம். புதியவர்களே, இந்த இடத்தில்தான் ஒருமுறை நில்லுங்கள் என்கிறேன். உறுதிக்காகக் காத்திருந்தால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று பிரித்துப் பார்த்தேன். காத்திருந்தால் என் கௌரவம் பிழைக்கும். காத்திருக்காமல் ‘நிறுத்துங்க’ என்று சொல்லி அது தப்பாகப் போனால், நான் இன்னொரு முறை முட்டாள் ஆவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. காத்திருந்து அது சரியாகப் போனால் பெரியம்மா செத்திருக்கும். இப்படிப் பிரித்துப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. பார்க்காமலேதான் நாம் பல வருஷம் ஓட்டுகிறோம்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. தொட்டிக்குள் கை இருக்கும்போது அவர் போன் எடுப்பதில்லை. அதாவது கை இப்போது தொட்டிக்குள் இருக்கிறது.

காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேன்கள் இரண்டைத் தூக்கினேன். “அது நாளைய வேலைக்குய்யா!” என்று மேனேஜர் கத்தினார். ஒன்றை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்தேன், இன்னொன்றைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். சாம்பியன் ரீஃப் தாண்டும்போது சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து எழுந்த வெள்ளைத் தூசி கண்ணை அறைந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நாற்பது லிட்டர் தண்ணீர் என்னைவிட்டு இறங்கிப் போகப் பார்த்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கை காட்டிச் சிரித்தார்கள். வாழ்க்கையில் நான் நேராக ஒரு இடத்துக்குப் போனது அன்று ஒருநாள்தான்.

லைன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்தபோது ஒரு கேன் உருண்டு பக்கத்து வீட்டுக் கோலத்தின்மேல் போய் நின்றது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி கல்பனா, முன்சிபாலிட்டி தண்ணி ஸ்கூட்டர்லயே வர ஆரம்பிச்சுடுச்சா?”

கேனை அங்கேயே விட்டேன். உள்ளே ஓடினேன். அந்த வாடை முதலில் வந்து மோதியது. கல்பனா புதுத் தொட்டியின் முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையிலும் பெரியம்மா. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

“போடாதீங்க!”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பவளம் கையைவிட்டு நழுவப் பார்த்தது, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாண்ணா இது, வூட்ல பாம்பு பூந்த மாரி கத்தறீங்க? கையிலேர்ந்து உளுந்திருந்தா?”

“அதுல போடாதீங்க. தண்ணில செம்பு. பழசுலயே வைங்க. ஒரு மணி நேரம்.”

“நேத்து இல்லன்னு எழுதினீங்க?”

“எழுதினேன்.”

பெரியம்மாவைப் பழைய தொட்டியிலேயே இறக்கி வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அது இன்னும் வழியில் இருந்தது.

“ஊத்தற தண்ணிய எதுல வெக்கறீங்க?” என்று கேட்டேன்.

சமையலறைப் பக்கம் கை காட்டினார். போய்ப் பார்த்தேன். ஒரு செம்பு அண்டா. கல்யாணச் சீராக வந்ததாம். வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் தோற்றுப்போகிற மினுக்கில் நின்றது. உள்ளே சுத்திகரித்த தண்ணீர், தாகத்தோடு. எதுவும் கரைந்திராத அந்தச் சுத்தத் தண்ணீர்தான் செம்பை அதிகமாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதன் பளபளப்பில் என் முகம் அகலமாக, மூக்கு இன்னும் அகலமாகத் தெரிந்தது.

“இதுல எதுக்கும்மா வெச்சீங்க? முன்னாடி பிளாஸ்டிக் டிரம்தானே வெச்சிருந்தீங்க?”

“நீங்கதான சொன்னீங்க!”

“நானா?”

“தொட்டி பாக்க வந்தீங்கல்ல, அன்னிக்கி. டிரம்ம பாத்துட்டு, ‘பிளாஸ்டிக்ல எதுக்கும்மா தண்ணி வெக்கறீங்க, செம்புப் பாத்திரத்துல வைங்க, செம்புத் தண்ணி மாரி நல்லது ஒண்ணுமில்ல’ன்னு சொன்னீங்க. லேபுக்காரரே சொல்றாருன்னு பரண்மேலேர்ந்து எறக்கினேன்.”

சொன்னேன். ஞாபகம் வந்தது. போர்வெல் தண்ணீர் கொண்டுவருகிற எல்லாரிடமும் பாட்டு மாதிரி அதைச் சொல்வேன். யாருக்குச் சொல்கிறேன், அவர் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பது யார் என்று பார்க்காமல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். விஷத்தைச் சொன்னதும் நான், விஷம் இருக்கிறது என்று பாட்டில் சொன்னபோது அதன் வாயை மூடியதும் நான்.

புதுத் தொட்டியை இருவருமாக வாசலில் கவிழ்த்தோம். துடைத்தோம். நான் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி உப்பைக் கலக்கி மோட்டாரை ஓடவிட்டோம். உப்புக் கரைந்து தண்ணீர் தெளிய ஒரு மணி நேரமாவது வேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தரையில். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எழுந்து போக வழியில்லை. வெட்டைப் பற்றிச் சொன்னேன். எண்ணைப் பார்த்ததையும், கோடு போட்டதையும், ‘ஊத்தினப்பறம்’ என்பதைப் பார்த்துச் சிரித்ததையும். கடைசியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இன்றைக்கு உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் எழுந்து புதுத் தொட்டியில் கரையாமல் நின்ற உப்பைக் கலக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தெரியாம பண்ணது வேற. எண்ணு கண்ணுக்கு தெரிஞ்சுது இல்ல?”

“தெரிஞ்சுது.”

“ஏங்கிட்ட ஒரு போன் போட்டு, இன்னாம்மா இதுல இப்பிடி வருது, எதுக்கு ஊத்தினப்பறம்னு எழுதினன்னு கேட்டிருந்தா ஆவாதா? நா படிக்காதவன்னு நெனச்சுகினீங்களா?”

“அப்படி இல்லம்மா.”

“அப்பிடித்தாண்ணா.”

அப்படித்தான். பிறகு அவர் கேட்டதுதான் இத்தனை வருஷமாக எனக்குள் நிற்கிறது.

“இன்னும் எத்தினி பேரு தண்ணில இப்பிடி வெட்டிகினு கீறீங்க?”

அந்த வாரம் முழுக்க நான் பழைய நோட்டுகளோடு இருந்தேன். கோடு போட்ட எண்கள் ஒவ்வொன்றும் யாரோ கையைத் தூக்கிப் பேச வந்து உட்கார வைக்கப்பட்ட மாதிரி இருந்தன. ஆட்களைத் தேடிப் போய் மறுபடி பாட்டில் கேட்டேன். பூதிகோட்டையில் ஒரு விவசாயி, “ஏன் சார், ஒங்க மெஷினு பொய் சொல்லிச்சா?” என்று கேட்டார். “மெஷின் சொல்லலீங்க” என்றேன். பெரும்பாலான கோடுகள் ஒன்றுமில்லாத தூசிதான். இரண்டு அப்படியில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் திருத்திய ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொல்லவில்லை. இன்று நம் படிவத்தில் எகிறிய எண்ணுக்குத் தனி வரிசை இருக்கிறதே, பக்கத்தில் ‘வாடிக்கையாளரிடம் கேட்டீர்களா?’ என்று ஒரு கட்டம், நீங்கள் தினமும் முணுமுணுத்துக்கொண்டே நிரப்புகிற கட்டம், அது வந்த கதை இதுதான். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், மேனேஜரை அல்ல.

பவளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. ஏற்கெனவே சுருங்கியிருந்த பக்கம் வெளுத்துப் போய்விட்டது. அது திரும்பவில்லை. மறுபக்கம் பிழைத்தது. ஒரே கல்லில் பாதி எலும்பு, பாதி விடிகாலை. கல்பனா வெளுத்த பக்கத்தை ஒடித்து எறியவில்லை. ஒரு வருஷம் போனபின் அந்த எலும்பின்மேலேயே உயிருள்ள பக்கம் மெல்லப் படர ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிந்தது. சூட்டைப் பார்த்துச் சரிசெய்தார். பெரியம்மாவை இரண்டு கையாலும் எடுத்து, தொட்டில் பிள்ளையைப் புரட்டுகிற மெதுவில் புதுத் தொட்டிக்குள் இறக்கினார். சுருங்கிய பக்கம் அசையவில்லை. மறுபக்கத்தில் ஒரு விரல், ஒரே ஒரு விரல், வெளியே வரலாமா என்று யோசிப்பது மாதிரி நீண்டு, உள்ளே போனது. இருவரும் கண்ணாடிக்கு நெருக்கமாகக் குனிந்தோம். மறுபடி நீண்டது. இந்த முறை உள்ளே போகவில்லை.

அண்டாவை நான் தூக்கிக் கவிழ்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அவர் முதல் முறையாகச் சிரித்தார். டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுக் காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவர் பின்னாலேயே வந்தார், கையில் பழைய தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், புதுத் தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில். எது எது என்று இந்த முறை வாயாலும் சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். நான் வாங்கிச் சட்டைப் பைகளில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

“நாளைக்கே பார்த்துச் சொல்லிடறேன்மா. நானே வந்து சொல்றேன்.”

“வேணாண்ணா. நல்ல சேதின்னா போன்ல சொல்லுங்க, போதும். கெட்ட சேதின்னா இன்னிக்கி மாரியே ஓடியாங்க.”